கையை மடியில் வை

சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் தறிக்கூடத்தில் கையால் பேசுவதில் ராஜகுமாரியை மிஞ்ச ஆள் கிடையாது. பதினாறு விசைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும்போது வாயால் பேசி யாருக்கும் எதுவும் கேட்காது. அங்கே வேலைக்கு வருகிற பெண்கள் முதல் மாதத்திலேயே கைப்பேச்சைப் பழகிவிடுவார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சட்டென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது என்று பொருள். வயிற்றைத் தொட்டுவிட்டு வாசலைக் காட்டினால் சாப்பிடப் போகலாம். மீசையை முறுக்கினால் அண்ணாச்சி வருகிறார். அண்ணாச்சிக்கு மீசை கிடையாது. அது அவருடைய அப்பா காலத்து மீசை. அவர் போன பிறகும் பெண்களின் விரல்களில் அது அப்படியே இருந்தது.

ராஜகுமாரி இந்த வேலைச் செய்திகளோடு நிற்க மாட்டாள். முந்தின இரவு டிவியில் பார்த்த படத்தை, சண்டையும் அழுகையும் சேர்த்து, இரண்டு தறி தள்ளி நிற்கிற ஜரினாவுக்குக் கையாலேயே சொல்லி முடிப்பாள். ஜரினா சிரித்துச் சிரித்துத் தன் தறியைப் பார்க்க மறந்து, துணியில் ஓட்டை விழுந்து, அண்ணாச்சியிடம் திட்டு வாங்குவாள்.

தறிக்கூடத்துப் பெண்களுக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். யாரையாவது கூப்பிட்டால் வாயில் பேர் வரும்போதே வலது கை தலைக்கு மேல் உயர்ந்துவிடும். பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ, கூப்பிடு தூரத்தில் ஆள் நின்றாலும் கை உயரும். உயர்ந்தது அவர்களுக்கே தெரியாது. பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிற கோமதிநாயகம் அந்தக் கையைப் பார்த்துத்தான் ராஜகுமாரியை முதலில் கவனித்தான். யாரோ வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து பிரேக் போட்டான். அவள் கூப்பிட்டது எதிர்க்கடையில் நின்ற ஜரினாவை.

இருவருக்கும் கல்யாணமாகி, 2018 ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. குலதெய்வத்தின் பேரைச் சேர்த்து இசக்கிப்ரியா என்று பேர் வைத்தார்கள். வீட்டில் ப்ரியா. தறிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் அவர்களுடைய வீடு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். பிள்ளையின் தொட்டிலைக் கூடத்து உத்தரத்தில் கட்டிவிட்டு ராஜகுமாரி வேலை பார்த்தாள். அவ்வளவு இரைச்சலிலும் பிள்ளை தூங்கும். கரண்ட் போய்த் தறிகள் நின்றால் மறுகணம் விழித்து அழும்.

"ஏட்டி, இவளுக்குக் காது என்ன கூர்மை பாரு. தறி நின்ன உடனே தெரிஞ்சிருதே" என்பாள் ஜரினா.

கூடத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ராஜகுமாரிக்குப் பெருமையாக இருந்தது. தறி ஓடினால் உத்தரம் அதிரும், தொட்டில் அதிரும், நின்றால் அதிர்வும் நிற்கும் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அந்த அதிர்வின் மேலேயே நிற்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இரண்டு வயது தாண்டியும் ப்ரியா பேசவில்லை. தறிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும் என்று ஆறுதல் சொன்னார்கள். பிறகு ஒரு விசேஷத்துக்குச் சிவகிரியில் கோமதிநாயகத்தின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தெருவில் தறி கிடையாது. அடுக்களையில் மேல்தட்டிலிருந்து பித்தளைக் குடம் ஒன்று உருண்டு, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கல் தரையில் விழுந்தது. வீட்டில் இருந்த எல்லோரும் பதறி எழுந்தார்கள். ப்ரியா கையில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்தார்கள். திருநெல்வேலியில் காது பரிசோதனை, மதுரையில் ஸ்கேன் என்று அதற்குப் பின் ஒரு வருடம் போயிற்று. மதுரை டாக்டர் பொறுமையானவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

"நத்தை பாத்திருக்கீங்களாம்மா? உள்காது அப்படித்தான் சுருண்டு இருக்கணும். உங்க பிள்ளைக்குச் சுருளவே இல்லை. ரெண்டு பக்கமும் ஒரு சின்ன அறை மாதிரி அப்படியே நின்னுபோச்சு. வயித்துல இருக்கும்போதே நடந்தது. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

"மெஷின் வச்சா சரியாகும்னு சொன்னாங்களே சார்" என்றான் கோமதிநாயகம்.

"வைக்கலாம். ஆனா மெஷின் அனுப்புறதை மூளைக்குக் கொண்டுபோக நரம்பு வேணும். வலது பக்கம் நரம்பே தெரியலை. இடது பக்கம் ஏதோ ஒண்ணு தெரியுது. ரொம்ப மெலிசு. அது கேக்குற நரம்புதானான்னும் உறுதியாச் சொல்ல முடியலை."

"எத்தனாம் நம்பர் நூல் சார்?" என்று ராஜகுமாரி கேட்டாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. "அவ தறியில நிக்கவ சார். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு" என்று கோமதிநாயகம் விளக்கினான்.

"நூறாம் நம்பர் இழை அறுந்தாலும் நான் முடிச்சுப் போட்ருவேன் சார்."

"இதை யாரும் முடிச்சுப் போட முடியாதும்மா" என்றார் டாக்டர். "பேச்சு கேக்கும்னு நான் சொல்லமாட்டேன். கதவு தட்டுறது, வண்டி ஹாரன், இப்படிச் சத்தம்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு தெரிஞ்சா அதுவே பெரிசு. அதுவும் இல்லாமப் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்ன அத்தனை வார்த்தைகளிலும் 'வைக்கலாம்' என்ற ஒன்றுதான் இருவர் மனசிலும் தங்கியிருந்தது.

அரசுக் காப்பீட்டில் இடது காதுக்கு அறுவை நடந்தது. உள்காதைத் திறந்தபோது தண்ணீர் போன்ற நீர் பீறிட்டதாகவும் அதை அடைத்து நிறுத்தச் சிரமப்பட்டதாகவும் டாக்டர் பிறகு சொன்னார். பிள்ளை மொட்டையடித்த தலையில் பெரிய கட்டோடு, ஒன்றும் புரியாமல், வார்டில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

புண் ஆறிய பிறகு கருவியை முடுக்கினார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று ப்ரியாவின் இடது கண் சிமிட்டியது. மறுபடியும் சிமிட்டியது.

"கேட்டுட்டா" என்று ராஜகுமாரி எழுந்துவிட்டாள். கோமதிநாயகம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

"உக்காருங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "இது முகத்து நரம்பு. கரண்ட் பக்கத்து நரம்புக்குத் தாவுது. இந்த மாதிரிக் காதுல அப்படி ஆகும். இதைக் குறைச்சுத்தான் வைக்கணும்."

அவள் குறைத்தாள். கண் சிமிட்டுவது நின்றது. ப்ரியா மேசை மேல் இருந்த பொம்மையை இழுத்து விளையாட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள். பயிற்சி கொடுத்த ப்ரியதர்ஷினி இளம்பெண். சிரித்த முகம், வேலையில் கறார். முதல் நாளே ராஜகுமாரியின் கைகளைக் கவனித்துவிட்டாள்.

"அம்மா, நீங்க பேசும்போது கை ரொம்பப் பேசுது."

"தறிக்கூடம் மிஸ். அங்கன அப்படித்தான்."

"இனிமே கூடாது. கை பேசுனா கண்ணு பாத்துப் புரிஞ்சுக்கும். காதுக்கு வேலையே இருக்காது. பேசும்போது வாயைக்கூடக் கையால மறைச்சுக்கணும், உதட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிரக் கூடாது. பிள்ளை கையைக் காட்டிக் கேட்டாலும் கொடுக்காதீங்க. பிள்ளை கையை எடுத்து மடியில வச்சிட்டு, வாயால சொல்லுங்க."

மற்ற பிள்ளைகளுக்கு அது பலித்திருந்தது. பயிற்சி அறையில் ராஜகுமாரி தன் கண்ணாலேயே பார்த்தாள். ப்ரியாவுக்குப் பிறகு மெஷின் வைத்த தென்காசிப் பையன் ஒருவன் ஆறு மாதத்தில் 'அம்மா பால்' என்றான். அவனுக்கு உள்காது நன்றாகச் சுருண்டிருந்தது, நரம்பும் முழுசாக இருந்தது. அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

இரைச்சலில் பயிற்சி நடக்காது என்பதால் தறி வேலையை விட்டாள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், தறிச் சத்தம் எட்டாத சந்தில், ஒரு வீடு பார்த்துப் போனார்கள். புது வீட்டில் ப்ரியாவுக்கு முதல் சில இரவுகள் தூக்கமே வரவில்லை. தரையில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி வைத்தாள். பிறகு சுவரில் வைத்தாள். என்ன தேடுகிறாள் என்று பெற்றவர்களுக்குப் பிடிபடவில்லை.

அப்போது பிள்ளைக்குச் சொந்தமாகச் சில கைச் சொற்கள் இருந்தன. தண்ணீருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. முஷ்டியை மடக்கி இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுவாள். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாக்கட்டை மாதிரி. தறிக்கூடத்துக்குப் போகலாம் என்பதுதான் அது. ராஜகுமாரிக்கு எல்லாமே புரிந்தது. புரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பிடித்து, "கையை மடியில வை" என்று வாயை மறைத்துக்கொண்டு சொல்லி, மடியில் வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நின்றன. தறிதான் கடைசியாக நின்றது.

தினமும் சாயங்காலம் கூப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி நடக்கும். ப்ரியாவைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, கையில் விளையாட்டு வளையங்களைக் கொடுத்துவிட்டு, பின்னால் சற்றுத் தள்ளி நின்று "ப்ரியா" என்று கூப்பிட வேண்டும். பல மாதங்கள் பிள்ளை அசையவில்லை. ஒரு சாயங்காலம் திரும்பினாள். மறுநாளும் திரும்பினாள். கோமதிநாயகம் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தான். சந்தில் வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

திருநெல்வேலியில் அப்படி நடக்கவில்லை. ப்ரியதர்ஷினி வாயை மறைத்துக் கூப்பிட்டாள், மணி அடித்தாள், மேளம் தட்டினாள். பிள்ளை வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல நான் கூப்பிட்டா திரும்புதா மிஸ். கோயில் மேல சத்தியம்."

"பழகுன குரல் முதல்ல பிடிபடும். அது நல்ல அறிகுறிதான். விடாமச் செய்ங்க" என்றாள் ப்ரியதர்ஷினி.

அந்த நல்ல அறிகுறியை நம்பி இரண்டு வருடத்துக்கும் மேல் போயிற்று. டாக்டர் கேட்டபோதெல்லாம், இந்தக் கருவி உதவவில்லை என்றால் வேறு வழி யோசிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோதெல்லாம், ராஜகுமாரி ஒரே பதிலைத்தான் சொன்னாள். வீட்டில் திரும்புகிறாள். ப்ரியாவுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல் வரவில்லை. 'அம்மா' வரவில்லை. வந்துவிடும் என்றுதான் ராஜகுமாரி இருந்தாள். தன் குரல் உள்ளே போகிறதே, போனது ஒருநாள் வெளியே வராதா?

போன தை மாதம் ஜரினா வந்தாள். அண்ணாச்சி பாதித் தறிகளை விற்றுவிட்டதையும், மிச்சத் தறியில் இரண்டிரண்டை ஒரே ஆள் பார்க்க வேண்டியிருப்பதையும் சொல்லிக்கொண்டே வந்து மூலையில் உட்கார்ந்தாள். கையில் பிள்ளைக்குப் பழம் கொண்டுவந்திருந்தாள்.

"நீ போனதுல இருந்து கூடத்துல படம் சொல்ல ஆளில்லட்டி. ஒருத்தி சொல்லுதா, கதாநாயகன் செத்தானா தூங்குதானான்னு தெரிய மாட்டேங்கு."

ராஜகுமாரி சிரித்தாள். விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. "இரு, பயிற்சி இருக்கு. நீயே பாரு" என்று பின்சுவரில் இருந்த டியூப் லைட்டைப் போட்டு, ப்ரியாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். பின்னால் போய், வழக்கமாக நிற்கும் இடத்தில், விளக்குக்கு நேர் முன்னால் நின்றாள்.

"ப்ரியா."

பிள்ளை திரும்பினாள். ராஜகுமாரி ஜரினாவைப் பார்த்தாள்.

ஜரினா சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, தறிய விட்டு இத்தனை வருசம் ஆச்சு. இன்னும் கையத் தூக்குத பாரு."

"எந்தக் கைய?"

"வலது கையத்தான். கூப்பிடும்போது. நம்ம கூடத்துல தூக்குத மாதிரியேதான் தூக்குத" என்றவள் ராஜகுமாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு அவளும் சுவரைப் பார்த்தாள். பிள்ளைக்கு முன்னால் இருந்த வெள்ளைச் சுவரில், ராஜகுமாரியின் நிழல், கையும் சேர்த்து, விழுந்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலட்டி" என்றாள் ஜரினா மெதுவாக.

ராஜகுமாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள். "ப்ரியா" என்றாள். இன்னும் உரக்கச் சொன்னாள். பிள்ளை வளையத்தைக் கோலில் மாட்டினாள். அடுத்த வளையத்தை எடுத்தாள். அந்தப் பேரை ராஜகுமாரி எத்தனையோ விதமாகக் கூப்பிட்டாள். கடைசியில் கூப்பிட்டது சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகு போய்ப் பிள்ளையின் தலையிலிருந்து காந்த வட்டத்தை எடுத்தாள். காதிலிருந்து மெஷினைக் கழற்றி ஜரினாவின் கையில் கொடுத்தாள். விளக்குக்கு முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தினாள்.

ப்ரியா திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜரினா மெஷினை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

கோமதிநாயகம் அதை நம்பவில்லை. அவனும் விளக்குக்கு முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு, விடிகாலையில் பூ ஏற்றும் நேரத்துக்குத்தான் திரும்பினான். "நீ ஏன் கையத் தூக்குன?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான்.

வியாழக்கிழமை ராஜகுமாரி ப்ரியதர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டு முடித்துவிட்டு, மேசையில் கிடந்த வளையங்களை அடுக்கினாள். பிறகு மதுரைக்கு எழுதினாள். மதுரையில் மறுபடி சோதித்தார்கள். கருவி பழுதில்லாமல் ஓடுகிறது, அனுப்புவதை வாங்க அந்தப் பக்கம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். மூளைத்தண்டிலேயே வைக்கிற கருவி ஒன்று உண்டு, ஆனால் இந்த வயதுக்கு மேல் அதில் பேச்சு வரும் என்று தன்னால் நம்பிக்கை கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"அப்ப இனி என்ன மிஸ்?" என்று ராஜகுமாரி திரும்ப வந்து ப்ரியதர்ஷினியிடம் கேட்டாள்.

"பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கு. ஜூன்ல சேத்துக்குவாங்க. அங்க கையால பேசச் சொல்லிக்கொடுப்பாங்க."

"கையாலயா?"

ப்ரியதர்ஷினி தலையாட்டினாள். "கொஞ்சம் முந்தியே ஆரம்பிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். மூணு நாலு வயசுல எந்தப் பாஷையாவது உள்ள போயிருக்கணும். இப்ப எவ்வளவு பிடிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியலை." பிறகு, "நான்தாம்மா வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

"நீங்க எல்லாப் பிள்ளைக்கும் சொன்னதத்தான் எனக்கும் சொன்னீங்க" என்றாள் ராஜகுமாரி. அதைத் திட்டாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை.

மானூர் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முழுப் படத்தையும் சொல்லிவிடுகிற கைகள். பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே அவை கூட இருந்தன. பிள்ளைக்கு அப்போது பார்க்கக் கண் இருந்தது, சொந்தமாகச் சொல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ப்ரியாவுக்குச் சோறு கொடுத்து, வாய் துடைத்து, எதிரே உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாத்த வேண்டிய அவசியம் இல்லை. பயிற்சிக்கு வெளிச் சத்தம் வராமல் சாத்திய இத்தனை வருடப் பழக்கம். பிறகு வலது முஷ்டியை மடக்கி இடமும் வலமுமாக ஆட்டினாள். தறி. பிள்ளையே உண்டாக்கிய சொல். நாடா ஓடுகிற வேகத்தில் ஆட்டி, வாசலைக் காட்டி, தன்னையும் பிள்ளையையும் தொட்டுக் காட்டினாள். தறிக்கூடத்துக்குப் போவோமா?

ப்ரியா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது போல் ராஜகுமாரிக்குத் தோன்றியது. இன்னொரு தரம் ஆட்டினாள்.

பிள்ளை முன்னால் நகர்ந்து வந்தாள். அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முஷ்டியைத் திறந்து, அம்மாவின் மடியில் வைத்தாள். இடது கையையும் எடுத்து அதன் மேல் வைத்தாள். இரண்டும் அங்கேயே இருக்கின்றனவா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

பிறகு தன் இடத்துக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் உதடுகள் அசைந்தன. சத்தம் எதுவும் வரவில்லை. பேச்சு என்று அவளுக்கு இத்தனை வருடமாக எல்லோரும் காட்டியது அதைத்தான். அதில் ஒரு குறையும் இல்லாமல் அவள் செய்தாள்.

செய்து முடித்துவிட்டு மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிட்டாய் இருந்தது. ராஜகுமாரி எடுத்துக் கொடுத்தாள்.